பாதி ஏறிய பேட்டரி

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை ராத்திரி

மகன் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டான். ஏலத்தோட்டத்தில் இருக்கும் மகளுக்கு இது பேறு மாசம். விடிந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு போடி ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும்.

ஜீப்பு பேட்டரி செத்துக் கிடந்தது. பேட்டரிக் கடை வைத்திருக்கும் என் கொழுந்தன் காலையில் வந்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சார்ஜரை மாட்டினான். "பொழுது சாயுற வரைக்கும் மெதுவா ஏறணும் மதினி. கொதிக்கிற மாதிரி சத்தம் வரும். கைய வச்சிராதீக" என்றான். என் வீட்டுக்காரரைத் தூக்கிய அன்று சுடுகாட்டுக்கு வராமல் எவன் லாரிக்கோ பேட்டரி மாட்டிக்கொண்டிருந்தவன். அவன் எனக்குப் புத்தி சொல்கிறான்.

மத்தியானம் பேட்டரி உலை மாதிரி குமிழி விட்டது. வாடை மூக்கைக் குத்தியது. கெடுத்துவிட்டான் என்று வயரைப் பிடுங்கிவிட்டேன்.

சாயங்காலம் மகன் வந்து, "முழுசா ஏறிருச்சா ஆத்தா?" என்று கேட்டான்.

"ஏறிருச்சு அப்பு, வெரசாக் கெளம்பு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

வண்டி முக்கித்தான் கிளம்பியது. "ஒன்னைய மாதிரியே மொனங்குது" என்று சிரித்துக்கொண்டே போனான்.

மலையில் இப்போது நல்ல குளிராக இருக்கும். தோட்டத்து வீடு பள்ளத்தில் இருக்கிறது. ஜீப்பைத் தள்ளிவிட ஆளும் கிடையாது. போன் போட்டால் டவர் இல்லை. காலையில் அவளுக்கு வலி எடுத்து, வண்டியும் எடுக்காவிட்டால்...

கொழுந்தனிடம் வேறு பேட்டரி இருக்கும், பைக்கும் இருக்கிறது. இப்போது எழுப்பினால் விடிவதற்குள் மேலே போய்விடுவான். ஆனால் அவனை நான் தம்பி என்று கூப்பிட்டது அந்தச் சாவோடு சரி. கதவைத் தட்டி என்னவென்று கூப்பிடுவது? இதையே யோசித்து உட்கார்ந்திருக்கிறேன். வாயில் வருவது வரட்டும். போகிறேன்.