நானே அழித்த கதைகள்

செவ்வாய், இரவு.

கல்லூரியில் அரசு கொடுத்த என் லேப்டாப்பை, எனக்கு நிச்சயமான மாப்பிள்ளையின் தங்கைக்குத் தருவதாக அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. ஒரகடம் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்து நான்கு வருடமாக எழுதிய கதைகள் அதில்தான் இருந்தன.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுக் குடுடி. அவங்க வூட்ல படிச்சா இன்னா நெனைப்பாங்க?"

"நீ படிச்சியாம்மா?"

"எனக்கு இன்னாத்துக்குடி அதெல்லாம்?"

கதைகளை நகலெடுத்துக்கொள்ள பென்டிரைவ் கைப்பையிலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. அழிக்கட்டுமா என்று லேப்டாப் இரண்டு முறை கேட்டது. அம்மாவைப் பார்த்துக்கொண்டே இரண்டு முறையும் சரி என்று அழுத்தினேன். அவளுக்கு உறைக்கட்டும் என்றுதான் செய்தேன்.

அவள் அதன் மூடியில் மஞ்சள், குங்குமம் வைத்தாள். "புதுசாட்டம் கீதுடி" என்றாள்.

இப்போது பக்கத்தில் நன்றாகத் தூங்குகிறாள்.