ஆறு மாதம், மூன்று மாதம்

செவ்வாய், இரவு.

தி.நகர் ஜவுளிக்கடையின் வாடகை ஒப்பந்தம் கட்டட உரிமையாளரிடமிருந்து திரும்பி வந்தது. நாற்பது பக்கம். எங்கள் வக்கீல் ஆபீஸ் வழக்கப்படி சரோஜா எங்கள் பிரதியை உரக்கப் படித்தாள். நான் அவர்கள் அனுப்பியதில் விரல் வைத்துத் தொடர்ந்தேன். இரண்டு மணி நேரம். மாற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டோம்.

அதற்குப் பிறகுதான் வக்கீல் சார் புதிதாக வாங்கிய சாஃப்ட்வேரில் இரண்டையும் போட்டு ஒப்பிட்டார். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் ஒரே ஓர் இடம் சிவப்பானது. கடையைக் காலி செய்ய ஆறு மாத அவகாசம் என்றிருந்ததை மூன்று என்று மாற்றியிருக்கிறார்கள்.

"நான் ஆறுன்னுதானே படிச்சேன், நீ இன்னா பாத்துக்கினு இருந்தே?" என்றாள் சரோஜா.

நான் ஆறைத்தான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். அவள் குரல் சொன்னதை என் கண் அங்கே எழுதிவிட்டது. அந்த மெஷினுக்குக் காது கிடையாது. இருப்பதை மட்டும் பார்க்கிறது. இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

பத்தொன்பது வருடமாக நாங்கள் இப்படிப் படித்துக் கையெழுத்துப் போட்ட கட்டுகள் பீரோ நிறைய இருக்கின்றன. சார் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது என்னிடம் பீரோ சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.