காத்தான் மகன்கள்

சுங்கை சிப்புட், மலேசியா
12.01.2003

நத்தங்குடி காத்தான் குடும்பத்தாருக்கு,

வணக்கம். யார் கையில் சேரும் என்று தெரியாமலே எழுதுகிறேன். என் பெயர் ரெத்தினம், வயது ஐம்பத்தெட்டு. ரப்பர் தோட்டத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பா காத்தான் 1937-ல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி இங்கே வந்தார், 1979-ல் இறந்தார். ஊரைப் பற்றிக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

எங்கள் நூலகத்தில் நாளுக்கு ஒரு மணி நேரம் இணையம் இலவசம். பழைய கப்பல் பட்டியல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, காசு வாங்காமல் ஒரு தளத்தில் போடுகிறார்கள். நான்கு மாதம் தினமும் போய் உட்கார்ந்தேன். என் தலையைக் கண்டாலே நூலகப் பெண் கணினியைப் போட்டுவிடுவார். கடைசியில் கிடைத்தது: ‘காத்தான், தகப்பன் பெயர் மாரி, வயது 22, ஊர் நத்தங்குடி, நன்னிலம் வட்டம். அடையாளம்: இடது காதில் பாதி இல்லை.’

அந்தக் காதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் தோளில் ஏறி வளர்ந்தேன். எனக்கு அப்பா வழியில் இங்கே ஒரு சொந்தமும் கிடையாது. அங்கே யாராவது இருந்தால் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
காத்தான் மகன் ரெத்தினம்


நத்தங்குடி
03.02.2003

திரு. ரெத்தினம் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் சரியான வீட்டுக்குத்தான் வந்தது. சிக்கலே அதுதான். மாரி மகன் காத்தான் என் அப்பா. 1981-ல் இதே வீட்டில் இறந்தார். வேளாங்கண்ணிக் கடலில் கால் நனைத்ததோடு சரி. இரண்டு காதும் முழுசாக இருந்தன.

நான் வட்டாட்சியர் அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். இந்த வருஷமும் காவிரியில் தண்ணீர் வராமல் குறுவை போய்விட்டது, ஊரில் யாருக்கும் வேலை இல்லை. எனக்கு மட்டும் உங்களால் வேலை வந்தது. 1937ஆம் வருஷத்து மணியக்காரர் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். அப்போது கங்காணி ஆள் சேர்த்தால், இன்னார் மலாயா போகலாம் என்று மணியக்காரர் சீட்டு எழுதித் தர வேண்டும். ஆனி மாதம் என் அப்பா பெயரில் ஒரு சீட்டு கொடுத்திருக்கிறார்கள். அப்பா போகவில்லை. சீட்டில் புகைப்படம் கிடையாது, கையில் வைத்திருப்பவன்தான் காத்தான்.

பாதிக் காது உள்ளவர் இந்த ஊரில் ஒருவர்தான் இருந்தார். அப்பாவின் கூட்டாளி தங்கையன். பண்ணையாரின் காரியக்காரரை அடித்துவிட்டு அதே ஆனி மாதம் காணாமல் போனவர். கொன்று ஆற்றில் போட்டுவிட்டார்கள் என்று ஊர் நம்பியது. பின்னால் விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்தபோது எங்கள் தெருக் கொடிமரத்தில் ‘தியாகி தங்கையன்’ என்று எழுதினார்கள். மே தினத்துக்கு மே தினம் அதற்கு முதல் மாலை போடுவது அவர் தங்கை அம்சம். வயது எழுபத்தாறு. நான் அத்தை என்று கூப்பிடுகிறவர். கருக்கரிவாள் பட்டு அண்ணன் காது போன கதையை வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

உங்கள் அப்பா இந்தப் பெயர்களில் ஒன்றையாவது சொன்னதுண்டா?

இப்படிக்கு,
அறிவுச்செல்வன்


சுங்கை சிப்புட்
20.02.2003

அன்புள்ள தம்பி அறிவுச்செல்வனுக்கு,

என் அக்காவின் பெயர் அம்சம். அப்பா வைத்த பெயர். யார் பெயர் என்று கேட்டதற்கு அவர் பதிலே சொன்னதில்லை.

என் அடையாள அட்டையிலும் அப்பாவின் கல்லறையிலும் இருப்பது உங்கள் அப்பாவின் பெயர். கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஏன் ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்பது இப்போது புரிகிறது. போட்டிருந்தால் தன் சீட்டைக் கொடுத்து அனுப்பிய உங்கள் அப்பாவுக்குப் பண்ணையில் சவுக்கடி விழுந்திருக்கும்.

அத்தையிடம் சொல்லுங்கள். நான் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
தங்கையன் மகன் ரெத்தினம்


நத்தங்குடி
11.03.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

சொல்வது சுலபமில்லை. மே தினத்தன்று மட்டும் என் அப்பா ஊரில் இருக்க மாட்டார், வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறிவிடுவார். கூட்டம் பிடிக்காது என்று நினைத்தோம். அத்தையின் கல்யாணத்தில் அண்ணன் இடத்தில் நின்றதும் அவர்தான். பண்ணையின் கொட்டம் அடங்கிய பிறகும் அவர் வாயைத் திறக்கவில்லை. தியாகி உயிரோடு இருக்கிறார் என்று கொடிமரத்தடியில் அவர் எப்படிச் சொல்லியிருப்பார்?

நான் சொன்னால் உங்கள் அப்பா பிழைப்பார், என் அப்பா மாட்டிக்கொள்வார். கொஞ்சம் பொறுங்கள்.

இப்படிக்கு,
அறிவுச்செல்வன்


சுங்கை சிப்புட்
28.03.2003

தம்பி,

அத்தைக்கு எழுபத்தாறு வயது. நீங்கள் யோசித்து முடிக்கும்வரை இருப்பாரா?

ரெத்தினம்


நத்தங்குடி
09.05.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

சொல்லிவிட்டேன். அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

“உசுரோடவா இருந்தான்?”

“நாப்பத்திரண்டு வருஷம் இருந்திருக்காரு அத்தை. மூத்த பொண்ணுக்கு உங்க பேரு.”

அதன் பிறகுதான் முறத்தைக் கீழே வைத்து அழுதார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “உங்கப்பனுக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அது வாயில் வரவில்லை.

“அவன் சாவுறப்ப என் கையாலதான்டா பால் ஊத்துனேன். அப்பக்கூட சொல்ல மனசு வரலயா?” என்றார்.

மே தினத்தன்று அவர் மாலை போட வரவில்லை. கேட்டவர்களிடம் கால்வலி என்றார். ஊரில் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கொடிமரத்தில் பெயர் அப்படியே இருக்கிறது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில்தான் டீ குடிப்பார், முப்பது வருஷப் பழக்கம். இப்போது வருவதில்லை. சண்டையும் போடவில்லை. நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். “வாங்க, உக்காருங்க” என்றார். ஐம்பத்திரண்டு வருஷத்தில் என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

நீங்கள் வாருங்கள். திருவாரூரில் இறங்கினால் நான் வந்து அழைத்துப் போகிறேன். அத்தை உங்களுக்கு ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறார். மலேசியாவிலிருந்து தூரத்துச் சொந்தம் வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, எத்தனை மணிக்கு வருவான், என்ன சாப்பிடுவான் என்று தெருவில் எல்லாரிடமும் கேட்கிறார். உங்களை வாசலிலேயே வாடா என்று கூப்பிடுவார். கேட்க எனக்கும் ஆசைதான், ஆனால் உங்களை வாசலில் விட்டுவிட்டு நான் திரும்பிவிடுவேன்.

இப்படிக்கு,
காத்தான் மகன் அறிவுச்செல்வன்