வாசல் நிலை வைக்க நான் வருகிறேன்

தம்மாம், 1992

அன்புள்ள சௌதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் அருளால் நான் சுகம். நீயும் பிள்ளை அசீனாவும் நலம்தானே? அத்தாவுக்கு மூட்டுவலி குறைந்ததா?

ராஜபாளையத்தில் நம் வீட்டுக்கு பேஸ்மட்டம் எழும்பிவிட்டதாக எழுதியிருந்தாய். முன்னறைக்குப் பணம் போதாதே என்று, இந்த வருட லீவை விட்டுக்கொடுத்து டிக்கெட் காசைக் கையில் வாங்கிக்கொள்வதாக கம்பெனியில் எழுதிக் கொடுத்தேன். என்னோடு தங்கியிருக்கும் தேவதானத்துத் தங்கச்சாமி அண்ணன் சிரித்தார்.

"ஏலே கபீரு, எம்புட்டு ரூம்பு கட்டினாலும் நீ இங்கனதானலே கெடக்கப்போற?"

நானும் சிரித்தேன். ஆனால் சோறு இறங்கவில்லை. மறுநாளே மேனேஜரைப் பார்த்து, லீவு வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

முன்னறையை இப்போதைக்கு விட்டுவிடும்படி கொத்தனாரிடம் சொல். வாசல் நிலையை நான் வந்த பிறகு வைக்கட்டும். நானும் ஒரு பக்கம் பிடிக்க வேண்டும். என் பழைய கைலிகளை வெயிலில் போட்டு எடுத்து வை.

அண்ணன் ஊருக்குக் கிளம்புகிறார், வண்டி வந்துவிட்டது. இதை அவர் கையில் கொடுக்கிறேன். அறை குறைந்ததில் உனக்குக் கோபம் என்றால் பதில் எழுதாதே. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவேன், நேரில் திட்டு. உன் குரலைக் கேட்க வேண்டும்.

உன்
அகமது கபீர்