வரிசையில் உன் அத்தான்

ஞாயிற்றுக்கிழமை, காலை

என் அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். நலம் என்று எழுதிவிட்டு இன்னொரு முறை யோசித்துப் பார்த்தேன். பொய் இல்லை, இருக்கட்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு நடுவில் யாரும் சரிக்கா போட முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

உன் மகள் என்னிடம் பேசினாள். அவளைத் திட்டாதே. உன் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொன்னார், நீ "எழுபத்து மூணு வயசுக்கு மேல எனக்கு எதுக்கு டாக்டர், சின்னவங்க யாருக்காவது பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாய். எல்லாம் தெரியும். மாடிப்படியில் பாதியில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பதுபோல நடிக்கிறாயாமே, அதுவும் தெரியும். அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உன் அத்தான் கதையைக் கேள். "இடுப்பில் ஒரு ஆபரேஷன், நல்லபடியாக முடிந்தது" என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருந்தேன். நடுவில் நடந்தது உனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் பொது மருத்துவமனையில் போன வருஷக் கடைசியில் முதியவர்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். கண்காணிப்பாளர் அம்மா வந்து பேசினார். நல்ல மனுஷி, சுற்றி வளைக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் ஒன்றுதான், மயக்க மருந்து டாக்டர்கள் போதவில்லை, காத்திருப்பவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அதனால் எண்பது தாண்டியவர்களின் பெரிய ஆபரேஷன்களைத் தனி வரிசையில் பின்னால் வைக்கலாம் என்று யோசிக்கிறோம் என்றார். அதோடு சேர்த்து, கடைசிக் காலத்தில் எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொருவரும் இப்போதே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். இரண்டும் வேறு வேறு சமாச்சாரம். அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் வினை.

உன் அத்தான் சும்மா இருப்பாரா? ஆயுள் முழுக்க இன்ஷூரன்ஸ் விற்றவர், அடுத்தவர் சாவைப் பற்றிப் பேசியே குடும்பம் நடத்தியவர். மைக்கை வாங்கிக்கொண்டு, "நாங்க வாழ்ந்தாச்சு. எங்க இடத்தைச் சந்தோஷமா இளைய தலைமுறைக்கு விட்டுக் கொடுக்கிறோம்" என்று முழங்கினார். மண்டபமே கை தட்டியது. பத்திரிகையில் படம் வந்தது. நான் தட்டவில்லை. அந்த "நாங்க"வில் என்னையும் சேர்த்தல்லவா வாழ்ந்து முடித்துவிட்டார்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரோடு பேசவில்லை. பேச்சு நன்றாக இருந்ததால் எனக்கு வாயடைத்துப் போனதாக அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த ஏற்பாடு அமலுக்கு வந்து கொஞ்ச நாள்தான். திரைச்சீலைக் கம்பி சாய்ந்திருக்கிறது என்று ஸ்டூலைப் போட்டு ஏறினார். எண்பத்தொரு வயதில்! நான் குளியலறையில் இருந்தேன். தொப்பென்று ஒரு சத்தம், அதற்குப் பின் சத்தமே இல்லை. அந்த அமைதிதான் என்னை ஓட வைத்தது. தரையில் கிடந்தபடி, "ஒண்ணுமில்ல, கொஞ்சம் படுத்திருக்கேன்" என்கிறார். வலது கால் போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

இடுப்பு எலும்பு முறிவு. எலும்பு டாக்டர் சின்ன வயதுக்காரர், முகத்தில் தூக்கம் இல்லை. காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, ஐயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, இதயமும் கொஞ்சம் பலவீனம், ஆபரேஷன் இரண்டாவது வரிசையில் போகும், எப்போது முறை வரும் என்று சொல்ல முடியாது, அதுவரை வலி மாத்திரையும் படுக்கையும்தான் என்றார். உன் அத்தான் கட்டிலில் இருந்தபடியே பெரிய மனிதர் மாதிரி தலையாட்டினார். "சரிதான் டாக்டர். நானே பேசினதுதானே."

நான் டாக்டரை வெளியே கூப்பிட்டு, நேராகவே கேட்டேன். இவர் இப்படியே படுத்திருந்தால் என்ன ஆகும்? அவர் மறைக்காமல் சொன்னார். படுக்கைப்புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், பெரும்பாலானவர்கள் ரொம்ப நாள் தாங்குவதில்லை. செய்தால்? ஆபத்து உண்டு, ஆனால் பல பேர் எழுந்து நடக்கிறார்கள். "உங்க அப்பாவா இருந்தா?" என்று நான் கேட்கவில்லை. எல்லாரும் அதைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்திருக்கும். "இவரைப் பரிசோதனை பண்ணிப் பார்த்துட்டு முடியாதுன்னு சொல்றீங்களா, பிறந்த தேதியைப் பார்த்துச் சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டேன். கண்காணிப்பாளரைப் பாருங்கள் என்றார். அதுவே எனக்குப் பதில்.

உள்ளே வந்தால் உன் அத்தானோடுதான் முதல் சண்டை. மேடையில் ஒன்று பேசிவிட்டு, தனக்கு வந்ததும் வேறு பேசினால் ஊர் சிரிக்காதா என்கிறார். எனக்கு வந்த கோபத்தில், பி.டி. டீச்சராக இத்தனை வருஷம் மைதானத்தில் பிள்ளைகளை ஓட வைத்த குரல் தானாக வெளியே வந்துவிட்டது. "ஊரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். நீங்க விட்டுக் கொடுக்கிறது உங்க உயிரை இல்ல, என் புருஷனை. என்னைக் கேட்டீங்களா?" என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரர் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார். உன் அத்தான் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு, "எனக்கும் நடக்கணும்னு ஆசைதான்" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை, தம்பி.

மறுநாள் கண்காணிப்பாளர் அறை வாசலில் போய் உட்கார்ந்தேன். உள்ளே விட்டார்கள். அந்த அம்மா என் பேச்சை முழுதாகக் கேட்டார். பிறகு அவர் பக்கத்தையும் சொன்னார். தையல் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண், லாரி ஏறிக் கால் நசுங்கி வந்திருக்கிறாள், அவளுக்குக் கைக்குழந்தை. இருப்பது ஒரு தியேட்டர். "நீங்களே சொல்லுங்க டீச்சர், யாரை முதல்ல உள்ளே எடுக்கட்டும்?"

யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். அந்தப் பொண்ணை முதலில் எடுங்கள். அவள் காயம் பெரிது, தாமதித்தால் கால் போய்விடும். அடுத்து என் வீட்டுக்காரரை எடுங்கள், ஏனென்றால் தாமதித்தால் இவர் உயிர் போய்விடும். ஐம்பது வயதில் ஒருவர் முழங்கால் வலிக்காகக் காத்திருக்கிறார் என்றால், அவர் இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம். "காயத்தைப் பார்த்து வரிசை போடுங்க. பிழைப்பாரா, நடப்பாரான்னு சோதிச்சுப் பார்த்துப் போடுங்க. வரிசையே வேண்டாம்னு நான் சொல்லலை. இதயம் தாங்காதுன்னு பார்த்துட்டுச் சொன்னா, கையெடுத்துக் கும்பிட்டுட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். பார்க்காமலே சொல்லாதீங்க."

அந்த அம்மா பேனாவை எடுத்து உன் அத்தான் பெயரை எழுதிக்கொண்டார். இதயத்தைப் பரிசோதித்துப் பார்க்கச் சொல்கிறேன், அதற்கு மேல் இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். அது போதும் என்று வந்துவிட்டேன். பார்த்தார்கள். மயக்க மருந்து டாக்டர் வந்து, தாங்கும் என்றார். தையல் ஆலைப் பெண்ணுக்கு முதலில் நடந்தது, அடுத்து இவருக்கு.

அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் நடந்ததைத்தான் உனக்கு முக்கியமாக எழுத வேண்டும். அந்த எலும்பு டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆபரேஷன் மேஜையில் ஏதாவது தப்பாகிப் போய், நினைவு திரும்பாமல் போய்விட்டால் என்ன செய்யட்டும் என்று உன் அத்தானைக் கேட்டார். அவரை யாரும் அப்படி நேராகக் கேட்டதே இல்லை. கூட்டத்தில் முழங்கியவர் இப்போது ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சொன்னார். நடக்க வைக்க என்னவெல்லாம் செய்ய முடியுமோ செய்யுங்கள். ஆனால் இனி எழுந்திருக்க மாட்டேன் என்று உங்களுக்கே தெரிந்த பிறகு, மூச்சுக் குழாயை மாட்டி மாதக் கணக்கில் வைக்காதீர்கள். இவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும், போதும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது அவர் சொன்ன சொல், யாரும் கைதட்ட இல்லாத இடத்தில் சொன்ன சொல். தலையாட்டினேன்.

டாக்டர் போகும்போது என்னையும் கேட்டார், அம்மாவுக்கு எப்படி என்று. எனக்கு எல்லாவற்றையும் மாட்டுங்கள் என்றேன். குழாய், மிஷின், எது இருக்கிறதோ எல்லாம். நான் லேசில் போக மாட்டேன். உன் அத்தான் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடி, இடுப்பு வலித்து, நர்ஸ் வந்து எங்கள் இரண்டு பேரையும் அதட்டினாள். இப்போது இரண்டு பேர் விருப்பமும் ஆஸ்பத்திரியில் பதிவாகியிருக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல்.

இன்று அவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு தெருமுனை மருந்துக்கடை வரை போய் வருகிறார். போன வாரம் அடுத்த கூட்டம். போயே தீருவேன் என்றார், கூட்டிப் போனேன். நின்றுகொண்டே பேசினார். "என் கடைசியை நான் முடிவு பண்ணிட்டேன், டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். நீங்களும் சொல்லி வைங்க, நல்லது. ஆனா அதுக்கு முன்னாடி மிச்சம் இருக்கிறதை, வயசை மட்டும் பார்த்து யாரும் முடிவு பண்ணக்கூடாது. போன தடவை நான் பேசினது பாதிதான் சரி." கைதட்டல் முன்பைவிடக் குறைவு. பத்திரிகைக்காரர் வரவே இல்லை. நான் இந்த முறை கை சிவக்கத் தட்டினேன். ஏற்பாட்டைத் திரும்ப யோசிக்கிறோம் என்று கண்காணிப்பாளர் சொல்லியிருக்கிறார். மாற்றுவார்களா, தெரியாது. விடப் போவதில்லை.

இனி உன் விஷயம்.

உன்னை ஆபரேஷன் செய்துகொள் என்று நான் மிரட்டவில்லை. உன் நெஞ்சு, உன் முடிவு. வேண்டாம் என்று நீ சொன்னால், அழுதுவிட்டு ஏற்றுக்கொள்வேன், உன் அத்தானிடம் அதைப் பழகிவிட்டேன். ஆனால் சொல்வது நீயா, உன் வயதா? உன் டாக்டர் செய்யலாம் என்கிறார். உன் ஊரில் உன்னை யாரும் பின்வரிசைக்குத் தள்ளவில்லை, நீயாகவே போய் நின்றுகொண்டிருக்கிறாய். மருமகனுக்கு லீவு கிடைக்காது, மகள் அலைய வேண்டும், பேரப்பிள்ளைக்குப் பரீட்சை என்று கணக்குப் போட்டுத்தானே எழுந்து வந்தாய்? உன் மனைவி இருந்திருந்தால் அந்த அறைக்கதவைத் தாண்ட விட்டிருப்பாளா? அவள் இல்லாத இடத்தில் அதைக் கேட்க நான் இருக்கிறேன். உன் மகளுக்கு நீ பாரம் இல்லை. அவள் போனில் அழுத அழுகை பாரம் இறங்கட்டும் என்று அழுத அழுகை இல்லை.

அதனால் இப்படிச் செய். டாக்டரிடம் இன்னொரு நாள் நேரம் கேள். நான் வருகிறேன். உன் அத்தானைப் பக்கத்து வீட்டு டிரைவரும் அவர் மனைவியும் பார்த்துக்கொள்வார்கள், பேசிவிட்டேன். ஸ்டூலை எடுத்து அவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டேன். நாம் இரண்டு பேரும் போய் உட்காருவோம். செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று எல்லாவற்றையும் கேட்போம். எது வேண்டும், எது வேண்டாம், எதோடு நிறுத்தலாம் என்று நீ உன் வாயால் சொல். அப்போது நான் வாயே திறக்க மாட்டேன். நம்பு.

மாடிப்படியில் மெதுவாக ஏறு. ஜன்னலில் வேடிக்கை பார்ப்பதாக நடிக்க வேண்டாம், மூச்சு வாங்கினால் வாங்குகிறது என்று சொல். குழந்தைகளுக்கு என் முத்தம். உன் அத்தான் தன் அன்பைச் சொல்லச் சொன்னார், கூடவே நீ ஒரு முட்டாள் என்றும் சொல்லச் சொன்னார்.

நன்றாக இரு, என் ராஜா. நீ எனக்குப் பின்னால் பிறந்தவன். அதை மறந்துவிடாதே.

என்றும் உன்
அக்கா