பத்துக்கண்ணு டீக்கடையில் நான் நிற்கவில்லை

5 ஜனவரி 2025, ஞாயிறு

தொடை ரெண்டும் கல்லாகிக் கிடக்கிறது. இன்றைக்கும் டீ கிடைக்கவில்லை.

எங்கள் சைக்கிள் கிளப் ஆட்கள் ஞாயிறுதோறும் விடிவதற்கு முன்னால் கடற்கரை காந்தி சிலையருகில் கூடுகிறார்கள். எல்லாரிடமும் கியர் சைக்கிள். கிளம்பின சூட்டோடு மூலக்குளம் தாண்டிவிடுவார்கள். என்னிடம் இருப்பது கூடையும் மணியும் வைத்த லேடீஸ் சைக்கிள். தட்டாஞ்சாவடி அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு தினமும் இதில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். அது எங்கே வேண்டுமானாலும் போகும், அதன் வேகத்தில் போகும்.

வில்லியனூர் டீக்கடையில் நடந்ததை எழுதிவைக்கிறேன். ஒவ்வொரு வாரமும் இதேதான். நான் போய்ச் சேர்கிறேன். "இஃப்ஃபத் மேடம் வந்துட்டாங்க" என்று கைதட்டுகிறார்கள். தட்டிக்கொண்டே எழுந்து ஹெல்மெட்டை மாட்டுகிறார்கள். எனக்காகக் காத்திருந்தார்களாம். காத்திருந்தவர்கள் டீ குடித்து, வடை தின்று, கால் நீட்டி உட்கார்ந்தாயிற்று. வேர்த்து விறுவிறுத்து வந்தவள் ஒரு காலைத் தரையில் ஊன்றியதும் "போலாமா?"

அதிகம் களைத்தவளுக்குத்தான் ஓய்வே இல்லை. இது ஒருத்தருக்குமா தோன்றவில்லை? பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். எங்கள் ஆட்கள் ரெண்டுக்குமே முந்துகிறார்கள்.

8 ஜனவரி

வீட்டுக்காரர் ஷஃபீக்கிடம் சொன்னேன். சிரித்தார். வேகமாக ஓட்டிப் பழகு என்றார். அடுத்த தெருவில் இருக்கும் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே பைக்கில் போகிற மனுஷர், எனக்கு யோசனை சொல்கிறார்.

12 ஜனவரி

இன்று கேப்டன் வெற்றிச்செல்வனிடம் நேராகவே பேசினேன். லாஸ்பேட்டையில் ஜிம் வைத்திருப்பவர், மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் புது விதி வந்தது: 'கடைசி ஆள் வந்து சேரும் வரை யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது.' கீழே வரிசையாக இதயங்கள்.

நான் கேட்டது அதையா? காத்திருக்கத்தான் செய்கிறார்களே. நான் வந்த பிறகு கொஞ்சம் உட்காருங்கள் என்றல்லவா கேட்டேன்.

பிறகு எனக்குத் தனியாக ஒன்று அனுப்பினார். பிப்ரவரியில் திருவக்கரைக்கு முழுநாள் சவாரி. முதல் நிறுத்தம் பத்துக்கண்ணு. அங்கே குட்டியானை வண்டி நிற்கும், நான் சைக்கிளை ஏற்றிவிட்டு அதில் உட்கார்ந்து வந்துவிடலாம். வண்டியில் வருகிறவர்கள் அடுத்த மாதத்திலிருந்து பாதி வழியில் ஊசுட்டேரியோடு திரும்புகிற குழுவுக்கு மாறிக்கொள்ளலாம். 'உங்க நல்லதுக்குத்தான் மேடம்.'

என் நல்லதை இவர் எப்போது பார்த்தார்?

19 ஜனவரி

ஊசுட்டேரியோடு திரும்புகிற குழுவுக்கு 'ஃபேமிலி குரூப்' என்று பெயராம். என் ஃபேமிலி வீட்டில் குறட்டை விட்டுத் தூங்குகிறது.

2 பிப்ரவரி, ஞாயிறு

கிளப்போடு போகவில்லை. தனியாக பத்துக்கண்ணு தாண்டி வெகுதூரம் போய்த் திரும்பினேன். எங்கேயும் நிற்கவில்லை. கூடையில் பேரீச்சம்பழம், உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீர். ஒரு கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டே மிதித்தேன்.

ஆச்சரியம், களைப்பே இல்லை. என்னை ஓய்த்தது தூரம் இல்லை. அவர்களைப் பிடிக்க அடித்துப் பிடித்து ஓட்டினேனே, அதுதான். என் வேகத்தில் விட்டால் நான் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பேன்.

அப்படியென்றால் — ஏன் நிற்க வேண்டும்?

8 பிப்ரவரி

நாளைக்குத் திருவக்கரை. பயமாகத்தான் இருக்கிறது. முடியாமல் நடுவில் உட்கார்ந்துவிட்டால் காலத்துக்கும் பேச்சு கேட்க வேண்டும். பரவாயில்லை. குட்டியானை சாமான் ஏத்துற வண்டி. நான் சாமான் இல்ல.

9 பிப்ரவரி, ஞாயிறு

இதை இன்றைக்கே எழுத வேண்டும்.

வில்லியனூர் வருவதற்குள்ளேயே வழக்கம்போல எல்லாரும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள். விரட்டவில்லை. ஏரிக்காற்று முகத்தில் அடித்தது. ஹெல்மெட்டுக்குள் கட்டியிருந்த துப்பட்டா மட்டும் நனைந்துபோயிருந்தது. பத்துக்கண்ணு வந்தது. டீக்கடைப் பக்கத்தில் மரத்தடியில் மொத்தக் கிளப்பும் போட்டோவுக்கு நிற்கிறது, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. குட்டியானை பின்கதவைத் திறந்து வைத்துத் தயாராக இருந்தது.

நான் ஒளியவில்லை. மணியை நன்றாக அழுத்தி அடித்தேன். ஒருத்தர் திரும்பவில்லை. மணி அடித்துக்கொண்டு போகிறவள் யாரோ ஊர்க்காரி என்று நினைத்திருப்பார்கள். தாண்டிப் போனேன்.

அப்புறம் கூடையில் போன் அடித்தது. அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்பது கேப்டன் போட்ட விதி. தொடவில்லை.

ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓரமாக இறங்கித் தள்ளிக்கொண்டு போனபோது, நெல்லைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த அம்மா கேட்டது: "இன்னாம்மா, தனியாவா போற?"

"இல்லம்மா. மத்தவங்க பின்னாடி வராங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இந்த வாக்கியத்தை நான் வாழ்க்கையில் சொன்னதே இல்லை. சிரித்துக்கொண்டே ஏறி மிதித்தேன்.

திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு எதிரே டீக்கடை. உட்கார்ந்து ஒரு டீ. உட்கார்ந்தபடியே இன்னொரு டீ. பிறகுதான் போனைப் பார்த்தேன். கேப்டன் பெயர் நிறைய. நடுநடுவே ஷஃபீக் பெயர். உடனே அவரைக் கூப்பிட்டேன்.

"எங்கடி இருக்க? வில்லியனூர்லருந்து ஒவ்வொரு வாய்க்காலா எட்டிப் பாத்துட்டு வரேன்."

குரல் உடைந்திருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. நல்லாருக்கேன் மச்சான், திருவக்கரையில டீ குடிச்சிட்டிருக்கேன் என்றேன்.

நடந்தது இதுதான். கடைசி ஆள் வரும் வரை அசையக் கூடாதல்லவா? அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். இட்லி ஆயிற்று, இரண்டாவது டீ ஆயிற்று, நான் வரவில்லை. பயந்துபோய் வீட்டுக்குப் போன் போட்டு, பாதிப்பேர் திரும்பி வில்லியனூர் வரை தேடியிருக்கிறார்கள். குட்டியானையும் தேடியிருக்கிறது.

ஷஃபீக் தகவல் சொல்லி, வெயில் நன்றாக ஏறிய பிறகு வந்து சேர்ந்தார்கள். முதலாவது சைக்கிள் நின்றதும் நான் எழுந்தேன். பின்பக்கத் தூசியைத் தட்டிவிட்டேன். ஹெல்மெட்டை மாட்டினேன்.

"போலாமா?"

பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜானகிராமன் சாருக்குத்தான் முதலில் புரிந்தது, வெடித்துச் சிரித்தார். கேப்டன் சிரிக்கவில்லை. "இது குழு மேடம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

"மணி அடிச்சேன் சார். யாரும் திரும்பல."

"எல்லாரும் எவ்ளோ பயந்துட்டோம் தெரியுமா?"

"தெரியுது. ஆனா சார், காணோம்னதும் எல்லாரும் பின்னாடியே தேடினீங்களே. முன்னாடி போயிருப்பேன்னு ஒருத்தருக்குக்கூட தோணலயா?"

நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். டீ குடியுங்கள், நான் காத்திருக்கிறேன் என்றேன்.

திரும்பும்போதும் முழு தூரமும் மிதித்தேன். கடைசியாகத்தான் வந்தேன்.

10 பிப்ரவரி

ஷஃபீக் பேசவில்லை. அவரிடம் மட்டும் மன்னிப்பு கேட்டேன், மனதாரக் கேட்டேன். இனி எங்கே போனாலும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்றேன். ராத்திரி சாப்பிடும்போது அவராகவே கேட்டார், "ரெண்டு டீயா குடிச்ச?"

கிளப்பிடம் மன்னிப்பு கேட்க மாட்டேன்.

16 பிப்ரவரி

கட்டுப்பாடு முக்கியம் என்று என் பெயரை ஃபேமிலி குரூப்பில் போட்டிருக்கிறார் கேப்டன். எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே பதில் போட்டேன்: 'வண்டியில் வருகிறவர்கள்தான் மாற வேண்டும் என்றீர்கள். நான் வண்டியில் ஏறவில்லை. போகவர முழுக்க ஓட்டினேன். அடுத்த ஞாயிறு முழு தூரத்துக்கு வருவேன்.'

சாயங்காலம் ஜானகிராமன் சார் ஒரு கட்டைவிரல் போட்டார். அவ்வளவுதான். போதும்.

23 பிப்ரவரி

போனேன். யாரும் திருப்பி அனுப்பவில்லை. யாரும் சரியாகப் பேசவும் இல்லை. முழு தூரமும் ஓட்டினேன்.

2 மார்ச்

நோன்பு ஆரம்பம். சைக்கிளுக்கு ஒரு மாதம் லீவு. பயந்து நின்றுவிட்டாள் என்று எவராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், பெருநாள் கழியட்டும்.

6 ஏப்ரல், ஞாயிறு

பாகூர் பக்கம் போனோம். ஒரு மாதம் ஓட்டாத கால், மூச்சு வாங்கியது. ஆனாலும் இன்று நான் கடைசி இல்லை. அஞ்சலாட்சி என்று புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார், லாஸ்பேட்டை கவர்மென்ட் குவார்ட்டர்ஸ். அவரிடமும் கூடை வைத்த சைக்கிள்தான்.

டீக்கடையில் எல்லாரும் குடித்து முடித்த நேரத்தில் தூரத்தில் அவர் தெரிந்தார். கைதட்டல் கிளம்பியது. பழக்கதோஷம், ஒவ்வொருவராக எழுந்து ஹெல்மெட்டைத் தேட ஆரம்பித்தார்கள். கேப்டனும் பாதி எழுந்துவிட்டார்.

நான் எழவில்லை. கடைக்காரரிடம் ஒரு டீ என்றேன். கேப்டன் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"எல்லாரும் உக்காருங்கப்பா" என்றார் அவர். தானும் உட்கார்ந்தார்.

அஞ்சலாட்சி வந்து ஒரு காலை ஊன்றி, சைக்கிளை விட்டு இறங்காமலேயே நின்றார். முகமெல்லாம் வேர்வை. "கிளம்பணுமா?" என்று கேட்டார். நான் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன்.

டீ கொதிக்கக் கொதிக்க வந்தது. ஆற்றி ஆற்றி, மெதுவாகத்தான் குடித்தார். அதுவரைக்கும் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம்.