ஆள் இல்லாத பள்ளத்தாக்கு

பிஷ்கெக்,
2 மார்ச் 1998

என் அக்கா அனார்கானுக்கு,

தம்பி ஷெராலி எழுதுவது. உடம்பு சுகமா? ஆடுகள் குளிரைத் தாண்டிவிட்டனவா? நீ லாரியில் கொடுத்தனுப்பிய தயிருருண்டைகள் வந்து சேர்ந்தன. என் மகள் நுர்ஜமால் பாதியைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்த் தோழிகளுக்குக் கொடுத்துவிட்டாள். அவள் அம்மா பூருலுக்கு அதில் கோபம்.

இப்போது நல்ல செய்தி. ஆறாம் வகுப்புக்குப் புதிய புவியியல் புத்தகம் வருகிறது. முதல் பாடம், 'நம் நாடு: ஒரு பொது அறிமுகம்', எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நாடு தனியான பிறகு நம் மொழியிலேயே எழுதப்படும் புத்தகம் இது. இருபத்தைந்து வருஷமாகப் புவியியல் நடத்துகிறவள் நீ. எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன், படித்துப் பார்த்துத் திருத்தி அனுப்பு. திட்டினாலும் பரவாயில்லை. மே மாதம் அச்சுக்குப் போகிறது.

உன் தம்பி,
ஷெராலி


குமுஷ்பெல்,
19 மார்ச் 1998

அன்புத் தம்பி ஷெராலிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். ஆடுகள் பதினோரு குட்டிகள் போட்டிருக்கின்றன, ஒன்று செத்துப்போனது. பூருலிடம் கோபப்பட வேண்டாம் என்று சொல், இன்னும் அனுப்புகிறேன்.

உன் பாடத்தை வகுப்பில் சத்தமாக வாசித்தேன். நாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மலை என்றதும் பையன்கள் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார்கள். இசிக்-குல் ஏரி குளிர்காலத்திலும் உறையாது என்பதை ஒருத்தனும் நம்பவில்லை. தெற்கே அக்ரூட் காடு, நரின் ஆறு பக்கத்து நாட்டுப் பருத்திக்குப் பாய்வது, எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறாய். ஆனால் 'மேய்ச்சல் நிலங்களில் மக்கள் பழைய வாழ்க்கையை மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள்' என்பதை அடித்துவிட்டேன். நீ கடைசியாக எப்போது ஆட்டுக்கு மயிர் கத்தரித்தாய், மகிழ்ச்சியைப் பற்றி எழுத?

நான்காம் பக்கத்துக்கு வந்தபோதுதான் நின்றுவிட்டேன். 'குமுஷ்பெல் போன்ற மேல் பள்ளத்தாக்குகளில், சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு மக்கள் வசிப்பதில்லை.' கென்ஜே என்ற பெண் எழுந்து, "டீச்சர், அப்ப நாங்கல்லாம் யாரு, பேயா?" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே நூற்றுப் பதினேழு வீடுகளில் புகை வருகிறது, ஷெராலி. செவிலியர் போய் மூன்று வருஷமாகியும் வேறொருவர் வரவில்லை. என் சம்பளம் கீழூர்ப் பள்ளிப் பட்டியலில் வருவதால்தான் வருகிறது. சுரங்கக் கழிவைப் புதைத்த மேட்டின் கரையை ஆறு அரித்துக்கொண்டிருக்கிறது. எத்தனை மனு போட்டும் பதில் இல்லை. ஏன் பதில் இல்லை என்று இப்போதுதான் புரிகிறது. இல்லாத ஊருக்கு யார் கரை கட்டுவார்கள்?

இந்த வரியை எங்கிருந்து எடுத்தாய்? வசந்தப் பண்டிகை முடிந்ததும் மாகாண அலுவலகத்துக்கு நேரில் போகிறேன்.

அக்கா,
அனார்கான்


பிஷ்கெக்,
1 ஏப்ரல் 1998

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். அரசாங்கப் பட்டியலில் உள்ளதைத்தான் நான் எழுத முடியும். நீ மாகாண அலுவலகத்துக்குப் போகாதே. அங்கே உனக்கு யாரையும் தெரியாது, நான் இங்கிருந்தே விசாரிக்கிறேன்.

இந்த வயதில் உனக்கு அந்த மலை எதற்கு? எங்களோடு வந்து இரு. நுர்ஜமால் தன் அறையில் உனக்குக் கட்டில் போட இடம் பார்த்துவைத்துவிட்டாள்.

ஷெராலி


குமுஷ்பெல்,
14 ஏப்ரல் 1998

ஷெராலிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் கிளம்பிவிட்டேன். முன்பே வந்திருந்தாலும் போயிருப்பேன்.

குடிபெயர்வுப் பிரிவில் ஓர் இளைஞர் இருந்தார், நன்றாகச் சவரம் செய்த முகம். குமுஷ்பெல்லிலிருந்து வருகிறேன் என்றேன்.

"அங்க யாரும் இல்லையேம்மா."

"நான் இருக்கேனே."

"தொண்ணூத்தொண்ணுலயே எல்லாரும் கிளம்பிட்டாங்க. இங்க எழுதியிருக்கு பாருங்க."

"தம்பி, உன் எதிர்ல நாலு மணி நேரம் பஸ்ல குலுங்கி வந்த ஒருத்தி நிக்கிறா. எழுதினதைப் பாப்பியா, என்னைப் பாப்பியா?"

அவர் சிரித்துவிட்டார். நல்ல பிள்ளை. பெரிய பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். சுரங்கம் மூடியபோது, ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு நகரத்தில் வீடு என்று சொன்னார்களே, அந்தப் பதிவேடு. சுரங்கத்தில் வேலை பார்த்த ரஷ்யர்களும் ஜெர்மானியர்களும் போனது உண்மை. அவர்கள் பெயருக்குக் கீழே, கடைசி வரியில், என் பெயர். 'பள்ளி ஆசிரியை. குடிபெயர்ந்தார். நகரத்தில் வீடு ஒப்படைக்கப்பட்டது.' அதன்மேல் யாரோ சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: 'ஆசிரியையும் சென்றுவிட்டதால் பள்ளி இல்லை. ஊர் மூடப்பட்டது.'

வீட்டு முகவரியைப் படித்தேன். படிக்கவே தேவையிருக்கவில்லை. ஏழு வருஷமாக உனக்குப் போடும் கடித உறைகளின் மேல் நான் எழுதுகிற முகவரி அது.

கையெழுத்து என்னுடையது போலவே இருந்தது. சின்ன வயதில் என் கையெழுத்தைப் பார்த்துத்தானே எழுதப் பழகினாய்.

அந்த இளைஞர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "தெரிஞ்சவங்களாம்மா?" என்று கேட்டார். மே பன்னிரண்டாம் தேதி விசாரணை வைத்திருக்கிறார்கள். அன்று சொல்வேன்.

ஒன்றை மட்டும் எனக்கு எழுது. பாடத்தில் அந்த வரியைத் தெரியாமல் அனுப்பினாயா, தெரிந்தே அனுப்பினாயா?

அனார்கான்


பிஷ்கெக்,
25 ஏப்ரல் 1998

அக்கா,

ஆறு தாளைக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

ஆமாம், நான்தான். விடுதியில் ஒரே அறையில் மூன்று குடும்பம் இருந்தோம். அப்போது நுர்ஜமாலுக்கு ஐந்து மாதம், மார்ச் முழுக்க இருமல். நீ போகமாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாய். உனக்கு வந்த வீடு வீணாகத்தானே போகப்போகிறது என்று நினைத்தேன். ஒரு கையெழுத்து. அதனால் ஊரே அழிக்கப்படும் என்று எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் கழித்துத் தெரிந்தது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வரியை எழுதும்போது கை நின்றது. உனக்கு அனுப்பாமலே அச்சுக்குக் கொடுத்திருக்கலாம். ஏன் அனுப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை.

உன்னைக் கெஞ்சுகிறேன். விசாரணைக்குப் போகாதே. கரையைக் கட்ட வேறு வழியில் ஆட்களைப் பிடிக்கிறேன், எனக்கு அமைச்சகத்தில் இருவரைத் தெரியும். நீ என் பெயரைச் சொன்னால் வேலை போகும், வீடு போகும், வழக்குகூட வரும். பூருலுக்கு இது எதுவும் தெரியாது. அவளிடம் என்ன சொல்வேன்? அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவள் நீ. உன் கையாலேயே என்னை முடித்துவிடுவாயா?

ஷெராலி


குமுஷ்பெல்,
20 மே 1998

ஷெராலிக்கு,

நீ கேட்டதை நான் செய்யவில்லை.

இங்கிருந்து முப்பத்திரண்டு பேர் பால் லாரியில் ஏறி வந்தார்கள். கென்ஜேயின் அப்பா பழைய சுரங்கத் தொழிலாளி, நெஞ்சு முழுக்கப் பதக்கம் குத்திக்கொண்டு வந்தார். தலைமை அதிகாரி எங்களை உள்ளே விடவே யோசித்தார். "இத்தனை பேர் எதுக்கு? ஒருத்தர் வந்தாப் போதாதா?" என்றார். "ஒருத்தி போன மாசம் வந்தா, நீங்க நம்பலையே," என்றேன்.

வரிசையாக ஒவ்வொருவரும் பெயரும் வீட்டு எண்ணும் சொன்னோம். எழுதிக்கொள்ளச் சொன்னோம். எழுதாமல் நகரமாட்டோம் என்றோம். அரை நாள் ஆனது. அவர்களுடைய தேநீரையும் குடித்துத் தீர்த்தோம்.

பிறகு அதிகாரி பதிவேட்டை என் முன்னால் வைத்தார். "இது உங்க கையெழுத்து இல்லன்னா, யாரோடது?"

அறை முழுக்க நம் ஊர்க்காரர்கள். நீ பிறந்தபோது பார்த்தவர்கள். உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர்கள்.

"என் தம்பியோடது," என்றேன். உன் முழுப்பெயரையும் சொன்னேன்.

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முந்தின நாள் பிஷ்கெக்கிலிருந்து வந்தது என்றார். உன் வாக்குமூலம். செய்தது, தேதி, காரணம், வீட்டைத் திருப்பித் தருவதாக உறுதி, எல்லாம் உன் சொந்தக் கையெழுத்தில். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ.

நீ முந்திக்கொண்டது தெரியாமல்தான் உன் பெயரைச் சொன்னேன். தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன். உன்னைக் காப்பாற்ற நான் பொய் சொல்லவில்லை. நீயும் என்னைப் பொய் சொல்ல விடவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, ரொம்ப நாள் இருக்கும். ஆனால் அந்தத் தாளைப் படித்தபோது கென்ஜேயின் அப்பா தொப்பியைக் கழற்றினார். நானும் அழுதேன்.

எங்கள் பெயர்கள் பதிவேட்டில் ஏறிவிட்டன. நேற்றுப் பொறியாளர் ஒருவர் வந்து கரையை அளந்துவிட்டுப் போனார். கல் வந்து இறங்கும்வரை நான் நம்பப்போவதில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மனு போடுவோம் என்று அவரிடமே சொல்லிவைத்திருக்கிறோம்.

ஜூன் முடிவுக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். புத்தக வேலையிலிருந்தும் உன்னை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பூருல் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். உன்னைத் திட்டித்தான் எழுதியிருக்கிறாள். கடைசியில் இங்கே பள்ளிக்கூடம் எத்தனையாம் வகுப்புவரை என்று கேட்டிருக்கிறாள். எட்டு வரை என்று பதில் போட்டுவிட்டேன்.

அவளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. வடக்கு அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் உன் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள், நீ நின்று பதில் சொல்லவேண்டும். உனக்காக நான் ஒருவரையும் அடக்கமாட்டேன்.

லாரி சத்தம் கேட்டதும் ஓடிவந்து கட்டிக்கொள்வேன் என்று எதிர்பார்க்காதே. நான் வகுப்பில் இருப்பேன். பாடம் முடிந்த பிறகு வருவேன்.

உன் அக்கா,
அனார்கான்